புதன்கிழமை வரை வாய் திறக்காத அண்ணி

என் அண்ணியைப் பற்றி யாராவது விசாரித்தால் என் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவான். “சம்பளம் இல்லாத உத்தியோகம், லீவு இல்லாத ஆபீசர்.” அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் பேசிப் பேசியே அவனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. ஆனாலும் அவன் சொன்னதில் பொய் கிடையாது.

இணையத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மறுமுனையில் ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். வருகிறவர் என்ன கேட்கிறார் என்று படித்து, அவருக்கு உரியதை எடுத்துக் கொடுத்து அனுப்புவது அதன் வேலை. வெப் சர்வர் என்பார்கள். அப்படி ஒரு வெப் சர்வரைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரித்தும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், கடை, பத்திரிகை என்று எங்கெங்கோ அது ஓடுகிறது. அதைப் பராமரிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அவர்களில் என் அண்ணியும் ஒருவர். வருகிற கோரிக்கையைப் பிரித்துப் படிக்கிற பகுதி அவருடைய பொறுப்பு.

அவரை யாரும் கூப்பிடவில்லை. முன்பு ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டார். வீட்டில் இருந்தபோது எதையோ நோண்டி, இந்த வெப் சர்வரில் ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினார். கடல் தாண்டி எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு நன்றி என்று எழுதினார். அவ்வளவுதான். “வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டா” என்பான் அண்ணன். ஓணான் இன்னும் மடியில்தான் இருக்கிறது.

அவருடைய அலுவலகம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போட்ட இஸ்திரி மேஜை. துணி பிழியும்போது மேஜையும் சேர்ந்து ஆடும். அண்ணி திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதிலிருந்து திரும்பி வரும் வரை அந்த மேஜைதான். வேலையின் குணம் ஆளுக்கும் வந்துவிட்டது. மகள் “சாயங்காலம் பஸ்ல வந்துடறேன்” என்றால் அதோடு விட மாட்டார். “பஸ் வராட்டா? வந்தும் நிக்காட்டா? நின்னும் கதவு திறக்காட்டா?” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார். தப்பாக வருகிற கோரிக்கையைக் காலமெல்லாம் யோசிக்கிறவருக்குப் பிள்ளையும் ஒரு கோரிக்கைதான். சில நேரம் எனக்கே எரிச்சலாக வரும்.

நான் அவருடைய நாத்தனார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறேன். நோயாளிகள் ரத்தப் பரிசோதனை முடிவையும் ஸ்கேன் முடிவையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிற வெப்சைட் என் கையில் இருக்கிறது. அதில் ஓடுவது அண்ணியின் வெப் சர்வர்தான். சொந்தக்காரப் பாசத்தில் போட்டதில்லை, நல்ல சரக்கு என்பதால் போட்டேன். அதன் சாவி, அதாவது பாஸ்வேர்டு, என்னிடம் மட்டும்தான். பிரிவில் இன்னொருவர் இருக்கிறார். நல்ல மனுஷன், பிரிண்டருக்கு மை மாற்றுவதில் கெட்டிக்காரர். அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நான் பட்ட அவஸ்தையை நீங்களும் பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் அண்ணியின் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கோ ஒரு கல்லூரி மாணவி. உங்கள் சர்வரில் ஓர் ஓட்டை இருக்கிறது என்றாள். கோரிக்கையை முழுதாக அனுப்பாமல், குறிப்பிட்ட ஒரு முறையில் துண்டு துண்டாக, அதுவும் தப்பான அளவைச் சொல்லி அனுப்பினால் சர்வர் குழம்பிப்போய், கேட்டவருக்கு உரியதோடு அப்போது பக்கத்தில் கிடக்கிற அடுத்தவருடைய சமாசாரத்தையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். கடையின் வெப்சைட்டாக இருந்தால் யார் என்ன வாங்கினார்கள் என்பது போகும். என் ஆஸ்பத்திரியாக இருந்தால் யாருக்கு என்ன நோய் என்பதே போய்விடும்.

இப்படி ஓட்டை தெரிந்தால் அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதற்கு மருந்து, அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தம், தயாராகும் வரை யாரும் மூச்சு விடக்கூடாது. தயாரானதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு, அந்த நேரத்தில், திருத்தமும் செய்தியும் ஒன்றாக வெளிவரும். திருத்தத்தைப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று விஷயம் தெரிந்தவனுக்குப் புரிந்துவிடும். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் சேதி ஒரே நொடியில்தான் போகும். அதற்குப் பிறகு ஓட்டம்தான். முந்திக்கொண்டவர் பிழைத்தார். குழுவுக்கும், மென்பொருளைக் கட்டி அனுப்புகிற சிலருக்கும் தவிர வேறு யாருக்கும் அதுவரை தெரியக்கூடாது. புருஷனுக்கும் கிடையாது, நாத்தனாருக்கும் கிடையாது. குறித்த நாள் புதன்கிழமை.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் எனக்குக் கடைவாய்ப் பல் எடுப்பதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். புதனும் வியாழனும் லீவு போட்டிருக்கிறேன், போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் படுக்கப்போகிறேன் என்றேன். அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“புதன்கிழமையா? வெள்ளிக்கிழமை வச்சுக்க முடியாதா?”

“ஏன் அண்ணி?”

“இல்ல, சும்மா. வெள்ளின்னா அப்புறம் சனி, ஞாயிறு சேந்து வரும்ல.”

“பல்லு புதன்கிழமைக்கு மேல தாங்காது அண்ணி. முகத்தப் பாருங்க.”

“மாத்திரை போட்டா தாங்கும்.”

அண்ணன் சிரித்தான். “எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? அவ பல்லுக்கு நீ ஏன் தேதி பாக்கற?” அண்ணி எதையோ மென்று விழுங்கிவிட்டு உள்ளே போனார். ராத்திரி போன் செய்து மறுபடியும் அதையே கேட்டார். சரி, அக்கறை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து வரவேற்பு மேஜைப் பெண் கூப்பிட்டாள். “மேடம், உங்க அண்ணி போன் பண்ணாங்க. புதன்கிழமை வேணாம், வெள்ளிக்கு மாத்துங்கன்னாங்க. மாத்திடட்டுமா?”

எனக்குத் தலைக்கு ஏறியது. கோபம் எனக்குக் கூடப் பிறந்தது, பல் வலி வேறு எண்ணெய் ஊற்றியது. அண்ணிக்குப் போன் போட்டு, “என் வாய்க்குள்ள கைய விட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?” என்று ஆரம்பித்தேன். வேறு என்னென்னவோ சொன்னேன். வீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கிற பழக்கம் வந்துவிட்டது என்று கூடச் சொன்னேன். அண்ணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, வலித்தும் சத்தம் போடாமல் இருந்தார். எனக்கு அதுவும் திமிராகப் பட்டது. இனி என்னிடம் பேச வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். “உங்க அண்ணி திரும்பக் கூப்பிட்டாங்க மேடம். நான் கேட்டது தப்பு, பழைய தேதியே இருக்கட்டும், மன்னிச்சுக்கோங்கன்னாங்க. உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?” என் மானம் கப்பலேறியது. நல்லாத்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காதபடி போனில் செய்துவைத்தேன்.

புதன்கிழமை வந்தது. பல் டாக்டர் உயரமானவர், பேச்சு மட்டும் நிற்காது. நாம் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் பல் டாக்டர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஊசி போட்டு, ஆட்டி, அசைத்து, ஒரு வழியாகப் பல் வெளியே வந்தது. குழியில் பஞ்சை வைத்து, “இறுக்கிக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் வாயத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது” என்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குப் போடாத தண்டனை அது.

அப்போது கதவு திறந்தது. அண்ணி நின்றார். வீட்டுச் செருப்பு, காயாத தலைமுடி, தோளில் லேப்டாப் பை. வரவேற்பு மேஜைப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஏம்மா, உள்ள வரக்கூடாது. சொந்தக்காரங்க வெளியதான் இருக்கணும்” என்றார் டாக்டர்.

அண்ணி அவரைப் பார்த்து, “பல்லப் பிடுங்கிட்டீங்களா?” என்றார்.

“பிடுங்கியாச்சு.”

“அப்ப இவ கை சும்மாதானே இருக்கு?”

டாக்டருக்கு முதல் முறையாகப் பேச்சு நின்றது. அண்ணி லேப்டாப்பைத் திறந்து என் மடியில் வைத்தார். நான் அவரைத் திட்ட வாய் எடுத்தேன். “ம்ம்ம்ம்” என்றுதான் வந்தது, கூடவே கொஞ்சம் எச்சில். பல்லு போனா சொல்லு போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்.

“திட்டறத அப்புறம் திட்டு. இப்பப் படி. திருத்தத்த வெளிய விட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகல. எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?”

திரையில் குழுவின் அறிவிப்பு இருந்தது. முதல் பத்தியைப் படித்தேன். மரத்துப்போன கன்னத்தையும் மீறி உடம்பு சில்லிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடந்த அத்தனையும், வெள்ளிக்கிழமை, மாத்திரை, தேதி மாற்றியது, மறுபடியும் மாற்றியது, எல்லாம் வரிசையில் வந்து என் முன்னால் நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட அப்போது நேரம் இல்லை.

டாக்டர் பெரிய மனசோடு வெளியறை நாற்காலியைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து, பஞ்சைக் கடித்தபடி ஆஸ்பத்திரி சர்வருக்குள் போனேன். திருத்தத்தை இறக்கினேன். போட்டேன். முடிந்தது என்று வந்தது. அப்பாடா என்று சாய்ந்து அண்ணிக்குக் கட்டைவிரலைக் காட்டினேன்.

“நிறுத்தி, மறுபடி ஓட விட்டியா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

இங்கே என் பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சர்வர் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கூட்டங்களில் மற்றவர்கள் கட்டிய கட்டடத்தைப் பற்றிப் பேசினால் நான் நிற்காத சர்வரைப் பற்றிப் பேசுவேன். எந்தத் திருத்தம் வந்தாலும் தானாக நின்று எழக்கூடாது என்று அதைக் கட்டிப்போட்டே வைத்திருந்தேன். என் தொழில்காரர்களுக்கு மட்டும் வருகிற நோய் இது. அதிலும் அது காலை வேளை, எத்தனையோ பேர் முடிவுகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அண்ணியின் லேப்டாப்பில் தட்டிக் காட்டினேன்: கூட்டம் குறைந்ததும் நிறுத்திக்கொள்கிறேன், சாயங்காலம்.

“புதுசு டிஸ்க்குலதாம்மா இருக்கு. இப்ப ஓடறது பழசு. மருந்த வாங்கி அலமாரியில வச்சுட்டா காய்ச்சல் போயிடுமா?”

நான் மறுபடியும் தட்டினேன்: இத்தனை நாள் நிற்காமல் ஓடியது.

அண்ணி என்னையே பார்த்தார். “அந்தத் தப்பான வரி நான் எழுதினது” என்றார். “வேற யாரும் இல்ல. அளவு தப்பா வந்தா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல. பஸ்சு கதவு திறக்காட்டான்னு பிள்ளைய அத்தன கேள்வி கேக்கறேனே, இத விட்டுட்டேன். அந்தப் பொண்ணு அனுப்பினதப் படிச்சுட்டு, யாரு எழுதின வரின்னு போய்ப் பாத்தா என் பேரு. குழுவ விட்டுப் போயிடறேன்னு எழுதிட்டேன்.”

நான் திரும்பினேன்.

“விட மாட்டேன்னுட்டாங்க. யாரு எழுதினான்னு கேக்கற வழக்கம் நம்மகிட்ட இல்ல, திருத்த உக்காருன்னு பதில் வந்துச்சு. அந்தப் பொண்ணும் என்கூடவே உக்காந்து சரிபார்த்தா. திருத்தியாச்சு. இப்ப என் வரியால உன் ஆஸ்பத்திரியில யாரோ ஒருத்தரோட முடிவு வெளிய போச்சுன்னா, நீ நிறுத்தலங்கறதுனால போச்சுன்னா, நான் எப்படித் தாங்குவேன் சொல்லு.”

நான் நிறுத்தினேன். எச்சிலை விழுங்குவதற்குள் சர்வர் எழுந்து நின்றுவிட்டது. இத்தனை காலம் நான் கட்டிக் காத்த பெருமையின் நீளம் அவ்வளவுதான். உடனே என் போன் அடித்தது, பிரிண்டர்காரர். அண்ணி எடுத்தார். “சைட் ஒரு தடவ போய் வந்துச்சாம். மழை காரணமான்னு கேக்கறாரு” என்றார். வெளியே நல்ல வெயில். பஞ்சு வாயோடு எனக்குச் சிரிப்பு வந்து, வலித்தது.

பிறகு இருவரும் சர்வரின் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். முடிவு கேட்டு வருகிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒன்று வித்தியாசமாக வந்தது. துண்டு துண்டாக, அளவு தப்பாக. அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சர்வர் அதைப் படித்துப் பார்த்து, தவறான கோரிக்கை என்று திருப்பி அனுப்பியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, வேறு எங்கிருந்தோ. அதுவும் திரும்பிப் போனது. பிறகு சரம் சரமாக வரத் தொடங்கியது. வந்ததெல்லாம் வந்த வழியே போனது. சாயங்காலம் வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி அழுதார். நிம்மதியில் அழுகிறவர்களைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் என் குணம் எங்கே போகும்? பயம் தெளிந்ததும் குறை தலைதூக்கியது. தட்டினேன்: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? இந்தச் சண்டையே வந்திருக்காதே.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சொல்லணும்னு இருந்துச்சு. தேதிய மாத்தச் சொன்னதே பாதி சொன்ன மாதிரிதான், அதான் திரும்பக் கூப்பிட்டு வேணாம்னேன். நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. அதுக்காக இல்ல. உன்ன மாதிரி எத்தனையோ ஆஸ்பத்திரியில எத்தனையோ பேரு இதே வேலை பாக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் நான் அண்ணி இல்லையே.”

எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. டாக்டர் எட்டிப் பார்த்து, “வலிக்குதா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு என் போனை எடுத்தேன். ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குத் தெரிந்தவர்கள் ஏராளம். கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து சர்வர் பெருமை அடித்துக்கொள்கிறவர்கள், என்னைப் போலவே எதையும் நிறுத்த மனசு வராதவர்கள். இன்னும் சேதி எட்டாதவர் யாராவது இருப்பார். முதல் எண்ணை அழுத்தி அண்ணியிடம் நீட்டினேன்.

அவர் ஒரு கணம் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதில் வைத்துக்கொண்டார்.

“வணக்கங்க. அவங்களால பேச முடியல, பல்லு எடுத்திருக்காங்க. ஒரு அவசர விஷயம். நான் அண்ணி பேசறேன்.”